கோழிப் பார்வை செங்கோடன்

லாரி முக்கில் வந்து நின்றதும் செங்கோடனின் கழுத்து தன் வேலையைத் தொடங்கிவிடும். வலப்பக்கம் கொஞ்சம் திரும்பும், நிற்கும். இன்னும் கொஞ்சம் திரும்பும், நிற்கும். ரோடு கண்ணுக்கு மறைகிற இடம் வரைக்கும் போய், அங்கேயும் ஒரு நிலை நின்றுவிட்டு, அதே மாதிரி வெட்டி வெட்டி இடப்பக்கம் வரும். சரி, இடதும் முடிந்தது, கிளம்பலாம் என்று பார்த்தால் இல்லை. மறுபடியும் வலது. பருந்துக்குப் பயந்துகொண்டே குப்பைமேட்டைக் கிளறுகிற கோழியின் கழுத்து அது. உதடு மட்டும் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருக்கும்: "நில்லு... பாரு... நில்லு... பாரு..."

பின்னால் நிற்கும் பஸ்காரன் ஆரனை அமுக்கின கையை எடுக்கமாட்டான். கிளீனர் ஆண்டி இடப்பக்கத்துக் கதவில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேட்பார்:

"டிரைவரே, கோழி மேஞ்சு முடிச்சுதுங்களா? இல்ல, முட்டை வெச்சுட்டுத்தான் வருமா?"

செங்கோடன் பதில் சொல்லமாட்டார். பதில் சொல்லும்போது கண் எங்கே இருக்கிறதென்று தெரியாமல் போய்விடும் என்பது அவருடைய கணக்கு. முக்கைத் தாண்டி லாரி நேராக ஓடத் தொடங்கிய பிறகு, "வெச்சாச்சு, போலாமுங்க" என்பார்.

திருச்செங்கோட்டிலிருந்து வருகிற ரோடு சங்ககிரிக்குப் பக்கத்தில் பெரிய ரோட்டில் வந்து முட்டுகிற இடம் அந்த முக்கு. வலது கைப்பக்கம் சேலம், இடது கைப்பக்கம் கோயமுத்தூர். பழைய மைல்கல்லுக்குப் பக்கத்தில் புதிதாகக் கிலோமீட்டர்க் கல் ஒன்றும் நட்டிருக்கிறார்கள். எதிரே வசந்தாமணியின் இட்டிலிக் கடை. அங்கே உட்கார்ந்து டீ குடிக்கிற ஓட்டுநர்கள் எல்லோரும் அவருக்கு வைத்திருக்கிற பெயர் 'கோழிப் பார்வை'. முகத்துக்கு நேரேயே கூப்பிடுவார்கள். அவர் கோபித்துக்கொண்டு யாரும் பார்த்ததில்லை.

ஆள் ஒல்லி. காக்கிச் சட்டையின் காலர் எப்போதும் கழுத்துக்குப் பெரிதாக இருக்கும். தாத்தன் காலத்திலிருந்தே தறிக்காரக் குடும்பம். தறிக்குழியில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரே இடத்தில் உட்காரப் பிடிக்காமல் இருபது வயசில் லாரி ஏறியவர். வீட்டில் தறி இன்னும் இருக்கிறது. மனைவி ராஜம்மாள் ஓட்டுகிறாள். பீடி இல்லை, வெற்றிலை இல்லை. சட்டைப் பையில் வறுத்த கடலை இருக்கும். லாரியின் முன்கண்ணாடியை வேறு யாரும் துடைக்கக்கூடாது. நடுவில் கம்பி வைத்துப் பிரித்த இரண்டு கண்ணாடியையும் தன்னுடைய துண்டால், மூலைமுடுக்கு விடாமல் துடைத்து, வாயால் ஊதி, மறுபடி துடைத்தால்தான் அவருக்குக் காலை விடியும்.

இன்னொரு வழக்கம் உண்டு. அது நல்ல குணமா, குறையா என்று அவரோடு பழகியவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. கேட்டதற்கு உள்ளதைச் சொல்லிவிடுவார். செக்போஸ்ட்டில், "பாரம் கூட இருக்குதா?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டால், "ஆமாங்க, ரெண்டு மூட்டை கூடத்தானுங்க இருக்குது" என்பார். லாரி முதலாளி சரவணமுத்து தலையில் அடித்துக்கொள்வார்: "இவனை வெச்சுட்டு ஒரு செக்போஸ்ட்டைத் தாண்ட முடியுமா சாமி? அரிச்சந்திரன் ஊட்டுப் பங்காளி!" சொந்தத்தில் ஒரு கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை எப்படி என்று இவரைக் கேட்டிருக்கிறார்கள். "தங்கமான பையனுங்க. சீட்டு மட்டும் கொஞ்சம் ஆடுவான்" என்று சொல்லிவிட்டு, நிறைந்த சபையில் நிம்மதியாகக் காப்பி குடித்தார். அதற்குப் பிறகு விசேஷ வீடுகளில் அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. ஊற்றிக்கொடுக்கிற குழம்பு எப்படியிருக்கிறது என்று ராஜம்மாளும் கேட்பதில்லை.

இப்படிப்பட்ட மனுஷனைப் பொய்யன் என்று ஊரே சொல்லும்படி ஆனது போன வருஷம் மாசி மாதத்தில்.

காலை நேரம்தான். நல்ல வெளிச்சம். திருச்செங்கோட்டில் கடலைப் புண்ணாக்கு ஏற்றிக்கொண்டு சேலத்துக்குப் போக அதே முக்குக்கு வந்தார். வலப்பக்கம் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார். ரோடு காலி. கிளட்சை விட்டார். லாரி முன்னால் நகர்ந்ததும், கடை வாசலில் நின்ற வசந்தாமணி, "அய்யய்யோ!" என்று கத்தினாள். வலப்பக்கமிருந்து வந்த சைக்கிள் பம்பருக்கு அடியில் போயிருந்தது. பின்னால் கட்டியிருந்த நூல் மூட்டை அவிழ்ந்து ரோடெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. அதற்கு நடுவில் சைக்கிள்காரர், முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, சத்தம்கூடப் போடாமல் தன் காலையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

அவர் கண்ணுசாமி. பக்கத்து ஊரில் சொந்தமாகத் தறி போட்டு ஓட்டுகிறவர், ஐம்பதைத் தாண்டியவர். செங்கோடனே அவரைத் தூக்கி லாரியில் போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார். ஓடவில்லை, ஒளியவில்லை. ஆனால் கேட்டவர்களிடமெல்லாம் ஒன்றையே சொன்னார்:

"ரெண்டு பக்கமும் பாத்துட்டுத்தானுங்க எடுத்தேன். ரோட்டுல யாருமே இல்லீங்க."

கட்டிலில் காலைக் கட்டிப் போட்டிருந்த கண்ணுசாமியின் காதுக்கு இது போனது. அவர் கேட்டார்: "அப்ப நான் யாரு? பேயா?"

இட்டிலிக் கடையில் இந்தப் பேச்சுக்குக் கைகால் முளைத்தது. 'கண்ணுக்குத் தெரியாத கண்ணுசாமி' என்று ஒருத்தன் சொல்ல, கடையே சிரித்தது. அதுவும் கண்ணுசாமியின் காதுக்குப் போனது. அப்போதுதான் அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

ஆஸ்பத்திரிச் செலவை முதலாளி பார்த்துக்கொண்டார். அது பற்றிப் பேச்சே இல்லை. மாவுக்கட்டைப் பிரித்தபோது ஒரு கால் விரற்கடை அளவு குட்டையாகிப் போயிருந்தது. தறியின் மிதியை அந்தக் காலால் மிதித்தால் பாதிதான் இறங்கியது. அதைப் பற்றியும் கண்ணுசாமி பேசவில்லை. பார்க்க வந்தவர்களிடம் அவர் சொன்னது இதுதான்:

"காலு போனது என்ற கெரகம், உடுங்க. அந்த ஆளு பாக்காமத்தான் வண்டியை எடுத்தான். 'பாக்கலீங்க, தப்பாப் போச்சுங்க'ன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. பட்டப்பகல்ல, பெரிய ரோட்டுல, சைக்கிள்ல வந்த மனுசனை இல்லவே இல்லீங்கறான் பாருங்க, அதைத்தான் என்னால செரிச்சுக்க முடியல."

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. திருச்செங்கோட்டு மலை ஏறுகிற வழியில் அறுபதாம்படி என்று இருக்கிறது. அங்கே நின்று பொய்ச் சத்தியம் செய்தவன் குடும்பம் விளங்காது என்று சுற்றுவட்டாரம் முழுக்க நம்பிக்கை. பாகப் பிரிவினைச் சண்டையானாலும் வேலி தகராறானாலும், 'படி ஏறுவியா?' என்று கேட்டால் பாதிப் பேர் அங்கேயே அடங்கிவிடுவார்கள். "அவன் படி ஏறட்டும். 'பாத்தேன், ரோட்டுல யாரும் இல்லை'ன்னு சொல்லட்டும். நான் கேட்டுட்டு எறங்கிடறேன்" என்றார் கண்ணுசாமி.

"கற்பூரம் எரியற நேரம்தானப்பா. சொல்லிட்டு வந்து வண்டியை எடு" என்றார் சரவணமுத்து.

"எதைங்க சொல்றது?" என்றார் செங்கோடன்.

முதலாளி அதை ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் செங்கோடனுக்கு அதுதான் கேள்வி. யாரும் இல்லை என்று சொன்னால் பொய். கால் முறிந்து ஒரு மனுஷர் இருக்கிறார். பார்க்கவில்லை என்று சொன்னாலும் பொய். கழுத்தைத் திருப்பி இரண்டு பக்கமும் பார்த்தது அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. நம்முடைய பேச்சில் 'பார்த்தேன்' என்ற ஒரு சொல்லை இரண்டு வேலைக்கு வைத்திருக்கிறோம். கண்ணைத் திருப்பினாலும் பார்த்தேன்தான், கண்ணில் பட்டாலும் பார்த்தேன்தான். ஒன்று நடந்து மற்றது நடக்காமல் போகும் என்று யாரும் நினைப்பதில்லை. அவரும் நினைத்ததில்லை.

"வைகாசித் தேர் முடியட்டுமுங்க, ஏர்றேன்" என்று தவணை வாங்கிக்கொண்டார்.

இதில் அவருக்கு மிகவும் வலித்தது ஊர்ப் பேச்சு அல்ல. ஒருநாள் ராஜம்மாள் தறியில் அறுந்த இழையைப் பிணைத்துக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் கேட்டாள்:

"நெசமாவே பாத்தீங்களா?"

"நீயுமா கேக்கறே?"

"இல்லீங்க. சும்மா கேட்டேன்."

பதினாறு வருஷத்தில் அவர் சொன்ன எதையும் அவள் இரண்டாம் தடவை கேட்டதில்லை. அன்றைக்குச் சோற்றில் பாதி தட்டிலேயே இருந்தது.

கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று அவர் முடிவு செய்தார். லாரியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கண் டாக்டர் அற்புதராஜைப் போய்ப் பார்த்தார். டாக்டர் குள்ளமானவர், மாதா படத்துக்குக் கீழே உட்கார்ந்து எந்நேரமும் மெல்லிய குரலில் ஏதாவது பாட்டை முனகிக்கொண்டிருப்பார். சுவரில் தொங்கின எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னார். செங்கோடன் மேலிருந்து கீழே வரைக்கும் படித்தார். கடைசி வரி முடிந்த பிறகும் நிறுத்தாமல் அட்டையின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததையும் படித்தார்.

"போதும் டிரைவர். அது அச்சாபீஸ் பேரு" என்றார் டாக்டர். "கழுகுக் கண்ணு உங்களுக்கு. ஒரு குறையும் இல்லை."

செங்கோடனின் முகம் விழுந்துவிட்டது. "ஏதாச்சும் சீக்கு இருக்குதுன்னு சொன்னீங்கன்னா நல்லா இருக்குமுங்க."

கண் நன்றாக இருக்கிறதென்று சொல்லி அழுமூஞ்சியான நோயாளியை டாக்டர் அதுவரை கண்டதில்லை. உட்காரவைத்து விஷயத்தைக் கேட்டார். கேட்டு முடித்ததும் முனகலை நிறுத்தினார். தன் பேனாவை எடுத்து அவர் முகத்துக்கு முன்னால் மெதுவாக நகர்த்தினார்.

"இதையே பாருங்க. இப்ப உங்க கண்ணு பேனாவைப் பிடிச்சுக்கிட்டு வழுக்கிக்கிட்டே வருது. சரியா? இப்ப பேனாவை எடுத்துட்டேன். அதே மாதிரி கண்ணை அந்தச் சுவத்துல மெதுவா, நிக்காம நகத்துங்க பாப்போம்."

"நகத்தறனுங்க."

"இல்லை. தாவித் தாவிப் போகுது. எனக்குத் தெரியுது, உங்களுக்குத் தெரியாது. பிடிச்சுக்க ஒண்ணு இருந்தாத்தான் கண்ணு வழுக்கும். இல்லேன்னா தாவத்தான் அதுக்குத் தெரியும். ஒரு இடத்துல உக்காரும், தாவும், இன்னொரு இடத்துல உக்காரும். உக்காந்த இடம்தான் தெரியும். தாவுற நேரத்துல மூளை ஒரு திரையை இறக்கிடும்."

"எதுக்குங்க?"

"இறக்கலேன்னா நீங்க கண்ணைத் திருப்புற ஒவ்வொரு தடவையும் உலகமே இழுத்துப் பூசின மாதிரி தெரியும். தலை சுத்தி விழுந்துடுவீங்க. நீங்க ரோட்டை ஒரே வீச்சுல பாத்தீங்க. அங்கே ஒரு இடம், இங்கே ஒரு இடம்னு கண்ணு உக்காந்திருக்கு. நடுவுல தாவின இடத்துல ஒல்லியா ஒரு சைக்கிள் இருந்திருக்கலாம்."

செங்கோடன் யோசித்தார். "திரை எறங்கினது எனக்குத் தெரியவே இல்லீங்களே?"

"தெரியாது. அந்த ஓட்டையை மூளையே அடைச்சுடும். அடைச்சதை உங்ககிட்டச் சொல்லவும் சொல்லாது. ரோடு முழுசையும் பாத்த மாதிரியே இருக்கும்."

"அப்ப எங்கண்ணே எங்கிட்டப் பொய் சொல்லுதுங்களா?"

டாக்டர் சிரிக்க வாயைத் திறந்தவர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். "வீட்டுக்குப் போய்க் கண்ணாடியைப் பக்கத்துல வெச்சுப் பாருங்க. உங்க இடது கண்ணைப் பாருங்க, அப்புறம் வலது கண்ணைப் பாருங்க. கண்ணு நகர்றது உங்களுக்குத் தெரியுதான்னு பாருங்க." வாசல்வரை வந்து இன்னொன்றும் சொன்னார்: "இதுக்குச் சர்டிபிகேட் கேக்காதீங்க டிரைவர், தரமாட்டேன். இது உங்களுக்கு மட்டும் உள்ள சமாச்சாரம் இல்லை. என் கண்ணும் இப்படித்தான்."

வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில், அவர் சவரம் செய்துகொள்கிற இடத்தில், ஆணியில் ஒரு கண்ணாடி தொங்கும். ஊருக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் போய் நின்றார். இடது கண்ணைப் பார்த்தார். வலது கண்ணைப் பார்த்தார். கண்ணாடியில் இருந்த ஆள் இரண்டு முறையும் அசையாமல் அவரையே முறைத்துக்கொண்டிருந்தான்.

"ராஜம், இங்க வா. என்ற கண்ணைப் பாரு."

"ஏனுங், தூசு விழுந்துருச்சா?"

"தூசு இல்ல. இப்ப ஆடுதா?"

"ஆடுது."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"நல்லாத்தான் பாக்கறேன். இக்கட்டால போகுது, அக்கட்டால வருது. பால் சட்டிகிட்ட நிக்கற திருட்டுப் பூனை மாதிரி முழிக்கறீங்க."

"எனக்கு நிக்குது புள்ள. கல்லு மாதிரி நிக்குது."

ராஜம்மாள் அவரை நகர்த்திவிட்டுத் தானே கண்ணாடி முன்னால் வந்தாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். ஒரு கண்ணைப் பார்த்தாள், மற்றதைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். அசைவு இல்லை. பக்கத்தில் நின்ற செங்கோடன், "ஆடுது, ஆடுது, இப்பவும் ஆடுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பதினாறு வருஷமாகத் தினம் பொட்டு வைத்துக்கொள்கிற கண்ணாடி. தன் கண் நகர்ந்து ஒருநாள்கூடப் பார்த்ததில்லை என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே சொன்னாள்:

"அறுந்த இழையைப் பிணைச்சு, முடிச்சுத் தெரியாமத் தேச்சு உட்டுடறோமில்லீங்க, அந்த மாதிரி. சேலை கட்டறவளுக்கு எங்க அறுந்துதுன்னு தெரியவா போகுது?"

"அதேதான்."

"அப்ப, பாத்துத்தான் இருக்கீங்க."

"பாத்தேன்."

"தெரியலே."

"தெரியலே."

அவள் எழுந்தாள். அடுப்படி வரைக்கும் போனவள் திரும்பி வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "ஆனா, கண்ணை நிறுத்தி நிறுத்திப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமில்லீங்க?"

இந்தக் கேள்வியை டாக்டர் கேட்கவில்லை. செங்கோடன் மறுபடியும் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தேர் நிலைக்கு வந்த பிறகு படி ஏறினார்கள். கண்ணாடியை எடுத்துப் போகச் சொன்னது ராஜம்மாள்தான். "வெறுங்கையை வீசிட்டுப் போயித் தாவுது, திரை எறங்குதுன்னு சொன்னீங்கன்னா அடிக்க வருவாங்க" என்று துண்டில் சுற்றிக் கொடுத்தாள். கண்ணுசாமி ஊன்றுகோலோடு வந்திருந்தார். கீழேயே இருங்கள் என்று எல்லோரும் சொன்னதைக் கேட்கவில்லை. "நான் கேட்கோணும். அங்க நின்னு கேட்கோணும்" என்று ஒவ்வொரு படியாக ஏறினார். செங்கோடன் அவருக்கு ஒரு படி பின்னாலேயே, விழுந்தால் பிடிக்கத் தோதாகக் கையை வைத்துக்கொண்டு வந்தார். கற்பூரப் பொட்டலம் ஆண்டியின் கையில் இருந்தது.

"பத்த வைங்க" என்றார் கண்ணுசாமி, மூச்சு வாங்கிக்கொண்டு.

"சித்தெ இருங்க" என்று செங்கோடன் துண்டைப் பிரித்துக் கண்ணாடியை நீட்டினார்.

"இது எதுக்கு? எனக்குச் சவரம் பண்ணவா?"

"ஒருக்கா பாருங்க. ஒரு கண்ணைப் பாருங்க, அப்பறம் இன்னொரு கண்ணைப் பாருங்க. உங்க கண்ணு ஆடுதுங்களா?"

கண்ணுசாமிக்குச் சந்தேகம்தான். ஆனாலும் வாங்கிப் பார்த்தார். "ஆடலே" என்றார்.

"ஆடுதுங்க" என்றார் ஆண்டி.

"நீ சும்மா இரு. நீ அந்த வண்டிக்காரன்." கண்ணுசாமி மறுபடியும் பார்த்தார். "ஆடலே."

மொட்டை அடித்த குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மலை இறங்கி வந்த ஒரு பொம்பளை வேடிக்கை பார்க்க நின்றிருந்தாள். அவளுக்கு இவர்களும் தெரியாது, வழக்கும் தெரியாது. "ஏனுங்க, நல்லா ஆடுதுங்களே!" என்றாள்.

கண்ணுசாமி அவளைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். "எனக்குத் தெரியலியே" என்றார். அந்த வார்த்தை தன் வாயிலிருந்தா வந்தது என்பதுபோல் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

செங்கோடன் டாக்டர் சொன்னதைச் சொன்னார். ராஜம்மாள் சொன்ன முடிச்சையும் சொன்னார். தறிக்காரருக்கு அது விளங்கியது. ஆண்டி கற்பூரத்தை ஏற்றினார். செங்கோடன் கையை அதன்மேல் நீட்டினார்.

"நான் பாத்தேன். நீங்க அங்க இருந்தீங்க. எனக்குத் தெரியலே. கண்ணை ஓட உட்டுட்டேன், நிறுத்தலே. நிறுத்தாதது என்னோட தப்பு."

கற்பூரம் எரிந்து அணைந்தது. கண்ணுசாமி அந்தக் கறுத்த தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"'நீங்க அங்க இருந்தீங்க'ன்னு முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் இந்தப் படியே ஏறியிருக்கமாட்டேனே சாமி" என்றார்.

"முதல் நாள் எனக்கே தெரியாதுங்களே" என்றார் செங்கோடன்.

வேறு யாராவது அங்கே வேறு பதில் சொல்லியிருப்பார்கள். கண்ணுசாமி கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார். இறங்கும்போது தோளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னதற்கு வேண்டாம் என்றுவிட்டார்.

அன்றிலிருந்துதான் இந்தக் கோழிக் கழுத்து. ஒரே வீச்சில் பார்ப்பதை அவர் அடியோடு விட்டுவிட்டார். ரோட்டைத் துண்டு துண்டாக நறுக்கிக்கொண்டு ஒவ்வொரு துண்டிலும் கண்ணை உட்காரவைக்கிறார். லாரியில் மட்டுமல்ல, தெருவைத் தாண்டும்போதும், கல்யாணப் பந்தியில் சொந்தக்காரர்களைத் தேடும்போதும் அதே வெட்டுத்தான். லோடு தாமதமாகிறதென்று முதலாளி முணுமுணுக்கிறார். பஸ்காரர்கள் திட்டுகிறார்கள். ஆண்டி அவ்வப்போது வாதத்துக்கு வருவார்.

"டிரைவரே, ஓடற வண்டியில இருந்து கீழ பாத்தா ரோடு கோடு கோடாத்தான் தெரியுது. ஆனா கண்ணை வெடுக்குன்னு பின்னால திருப்பினா ஒரே ஒரு கல்லு பளிச்சுன்னு நிக்குது. தாவும்போது தெரியாதுன்னு உங்க டாக்டரு சொன்னாரே, அப்பறம் இது எப்படித் தெரியுது?"

செங்கோடன் கடலையை மென்றுகொண்டே யோசிப்பார். "தெரியலீங்க. அடுத்த தடவை சேலம் போனாக் கேட்டுச் சொல்றேன்." கேட்டுச் சொல்லும் வரைக்கும் அந்தக் கல்லைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது.

ஆண்டிக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, கிளீனராகவே நரைத்தவர். ஸ்டியரிங் பிடிக்க ஏன் ஆசைப்படவில்லை என்று கேட்டால், "அந்த சீட்டுல உக்காந்தா பாக்கற பாவமும் பாக்காத பாவமும் நம்ம மேலதானுங்க. இந்தச் சீட்டுல காத்து நல்லா வருது" என்பார்.

கண்ணுசாமி மிதிகட்டையின் அடியில் பலகைத் துண்டு ஒன்றை வைத்து உயரம் கூட்டிக்கொண்டு தறியில் உட்கார்ந்துவிட்டார். ஐப்பசி மழை நின்ற பிறகு சைக்கிளையும் எடுத்துவிட்டார் என்று வசந்தாமணி சொன்னாள்.

போன வாரம் ஒரு காலை. அதே முக்கு. பின்னால் பஸ், ஆரன். செங்கோடனின் கழுத்து வலப்பக்கம் திரும்பியது, நின்றது. திரும்பியது, நின்றது. மூன்றாம் இடத்தில் கண் உட்கார்ந்தபோது அங்கே ஒரு சைக்கிள் இருந்தது. பின்னால் நூல் மூட்டை. பழுதான கால் பெடலை முழுச்சுற்றுச் சுற்றாமல் பாதியில் விட்டுப் பாதியில் பிடித்துக்கொண்டு வந்தது. கழுத்து அதற்கு மேல் போகவில்லை. ஆண்டியும் பார்த்துவிட்டார், வாயில் வைத்திருந்த கேலியை விழுங்கிக்கொண்டார்.

கண்ணுசாமி முக்குக்குக் கொஞ்சம் முன்னால் பிரேக்கைப் பிடித்தார். நல்ல காலைத் தரையில் ஊன்றினார். தலையை இடப்பக்கம் கொஞ்சம் திருப்பினார், நிறுத்தினார். இன்னும் கொஞ்சம் திருப்பினார், நிறுத்தினார். வெட்டி வெட்டி வந்த அந்தக் கழுத்து லாரியின் துடைத்த கண்ணாடிக்கு நேரே வந்ததும் நின்றது. மற்ற இடங்களில் நின்றதைவிடக் கொஞ்சம் அதிக நேரமே நின்றது. பிறகு மணியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பெடலை மிதித்தார்.